பதினெட்டாவது கேள்வி

விடுதி அறையின் ஜன்னல் திறக்குமா, திறக்காதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் மாணவராகப் பதிவு செய்யுங்கள் என்று பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கம் கறாராகச் சொல்லிவிட்டது. சரி என்று பதிவு செய்யப் போனால், பள்ளிப் படிப்பை எந்த ஆண்டு முடித்தீர்கள் என்று கேட்டது. விசாரணைக்காரர் ஆண்டுகளின் பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே போனார். அவருடைய ஆண்டு வந்து சேர்வதற்குள் சாப்பாட்டு இடைவேளையில் பாதி போய்விட்டது.

பேருந்து நிலையத்தின் விசாரணைக் கவுண்டரில் இருபத்திரண்டு வருடங்களாக உட்கார்ந்திருப்பவர் அவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த நடைமேடை, எங்கே இறங்கி மாற வேண்டும் என்று ஒரு நாளைக்கு நானூறு பேராவது கேட்பார்கள். அதில் முந்நூறு பேர் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார்கள். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை வரும். அதற்காக அவர் யாரிடமும் முகம் சுளித்ததில்லை. காலையில் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ‘ஆண்டவனே, இன்னிக்கு என் வாயால யாரும் தப்பான வண்டி ஏறிடக் கூடாது’ என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்ட பிறகுதான் முதல் ஆளைக் கூப்பிடுவார்.

அப்படிப்பட்டவருக்கே இப்போது வழி தெரியவில்லை.

அவருடைய ஒரே மகளுக்கு வணிக மேலாண்மை படிக்க மூன்று நாடுகளில் மூன்று பல்கலைக்கழகங்கள் இடம் கொடுத்திருந்தன. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஏதாவது ஒன்றை அவள் உறுதி செய்ய வேண்டும். முதலாவது, பெயரைச் சொன்னாலே கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காரும் இடம். கட்டடம் முழுக்கக் கண்ணாடி, ஒரு வகுப்பில் இருநூற்று நாற்பது பேர். இரண்டாவது பெருநகரத்தின் நடுவில் இருந்தது. இரண்டாம் ஆண்டிலேயே பெரிய கம்பெனிகளில் பயிற்சிக்கு அனுப்புவார்கள். மூன்றாவது ஒரு சிறிய ஊரில். வகுப்புக்கு நாற்பது பேர், ஒரு பருவம் முழுக்க மாணவர்களே ஒரு கடையை நடத்திப் பாடம் படிக்க வேண்டுமாம். கட்டணம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததால், அதைக் காரணம் காட்டி முடிவெடுக்கிற வழியும் அடைபட்டிருந்தது.

மகளுடைய பெரியப்பா முதலாவதுதான் என்று தொலைபேசியில் அடித்துச் சொன்னார். மனைவி, எந்த ஊரில் பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடுவாளோ அந்த ஊர் என்றாள். விசாரணைக்காரர் மட்டும் மகளின் தலைமேல் கைவைத்து, “உன் படிப்பு, உன் முடிவு. நான் இதுல தலையிட மாட்டேன்மா” என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

கொடுத்த வாக்கை மீறுகிற ஆளில்லை அவர். ஆனால் கேள்வி கேட்பது தலையிடுவதாகுமா? அதுவும் ஒரு ஜன்னலைப் பற்றி? மகளுக்குக் குழந்தையிலிருந்தே ஜன்னல் திறந்திருந்தால்தான் தூக்கம் வரும். மூன்று பல்கலைக்கழகப் புத்தகங்களிலும் விடுதி அறையைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். மூன்றிலும் ஜன்னல் மூடியே இருந்தது.

“அண்ணே, வயசை மாத்திப் போட்டுடுங்க. இருபதுன்னு போட்டா சட்டுனு உள்ள விட்டுடும்” என்றாள் குடையம்மா.

குடையம்மா பக்கத்து அறைக்காரி. பயணிகள் விட்டுவிட்டுப் போகும் பொருட்களைப் பாதுகாத்து வைக்கும் அறை அவளுடையது. அதில் முக்கால்வாசி குடைகள் என்பதால் அந்தப் பெயர். கைப்பேசியில் அவளுக்குத் தெரியாதது இல்லை.

“இருபத்திரண்டு வருஷத்துல நான் தப்பான நேரமே சொன்னதில்ல. தப்பான வயசு சொல்வேனா?” என்றார் விசாரணைக்காரர்.

தன் பெயரையே போட்டார். வயது ஐம்பத்து மூன்று என்று போட்டார். விரும்பும் படிப்பு என்ற இடத்தில் வணிக மேலாண்மை என்று போட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லையே, அந்தப் படிப்பை அவர் மனதார விரும்பத்தான் செய்தார், மகளுக்காக. மூன்று பல்கலைக்கழகங்களிலும் இப்படியே பதிவு செய்துவிட்டு, மூன்றிடமும் அதே கேள்வியை வைத்தார். ‘நான் தங்கும் அறை’ என்று எழுத மனம் வரவில்லை. ‘தங்கப்போகிறவரின் அறையில் ஜன்னல் திறக்குமா?’ என்று எழுதினார்.

முதலாவது பல்கலைக்கழகம் ஒரே நொடியில் பதில் போட்டது. உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியம் என்றது. அதோடு சரி, பிறகு பேச்சு மூச்சில்லை. இரண்டாவது, அறுபத்து நான்கு பக்கப் புத்தகம் ஒன்றை அனுப்பியது. விசாரணைக்காரர் அதை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அட்டையிலிருந்து அட்டை வரை படித்தார். துணைவேந்தரின் ஜன்னல் பற்றிக்கூட ஒரு வரி இருந்தது. விடுதி ஜன்னல் பற்றி இல்லை.

மூன்றாவது இடத்திலிருந்து மறுநாள் பதில் வந்தது. அங்கே இந்தப் பக்கத்து மாணவர்களைக் கவனிப்பதற்கென்றே நம் மொழி பேசும் ஒரு சேர்க்கை அலுவலர் இருந்தார். அவர் எழுதியிருந்தார்: ‘ஜன்னல் ஒரு சாண் அளவு திறக்கும் சார். உங்கள் கடிதம் கிடைத்ததும் நேரில் போய்த் திறந்து பார்த்துவிட்டேன். வெளியே சைக்கிள் நிறுத்துமிடம் தெரிகிறது. காற்று வருகிறது.’

விசாரணைக்காரர் அதை மூன்று முறை படித்தார். தொழில் தெரிந்தவரின் பதில் அது. கேட்டதற்கு விடை, அதை எப்படித் தெரிந்துகொண்டோம் என்ற ஆதாரம், கேட்காத ஒரு சின்ன விவரம். இதைவிட ஒரு கவுண்டரில் என்ன எதிர்பார்க்க முடியும்?

அன்று மாலை வீட்டில் மகள் மூன்று காகிதங்களை மேசைமேல் பரப்பிவைத்துக்கொண்டு கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போனார்.

“ஜன்னல்னா, மூணாவது இடத்துல ஒரு சாண் திறக்குமாம்மா. காத்து வருமாம்” என்றார்.

“உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”

“கவுண்டர்ல இருக்கறப்ப தெரிய வந்துது” என்றார். கவுண்டரில் உட்கார்ந்திருந்தபோதுதான் பதில் வந்தது. ஆகவே அதுவும் பொய் இல்லை.

மகள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. “ஜன்னல் சரி. லைப்ரரி ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமான்னுதான் ஒரு இடத்துலயும் போடல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவர் காது அதைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் இரண்டாவது கேள்வி போயிற்று.

இப்படி ஒரு பழக்கம் ஏற்பட்டது. மாலையில் மகள் பெருமூச்சு விடுவாள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பாடம் புரியாவிட்டால் யார் உதவுவார்கள் என்பாள். கணக்கியலில் பின்தங்கினால் தனியாகச் சொல்லிக்கொடுப்பார்களா என்பாள். வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை பார்க்க விடுவார்கள், அதைப் பரீட்சை நேரத்தில் குறைத்துக்கொள்ளலாமா என்பாள். விசாரணைக்காரர் செய்தித்தாளைப் பிடித்தபடி கேட்டும் கேட்காதவர்போல் இருப்பார். மறுநாள் கேள்வி போகும். முதலாவது இடம் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி தங்களுக்கு முக்கியம் என்றது. இரண்டாவது இடம் அதே அறுபத்து நான்கு பக்கங்களை நான்கு முறை அனுப்பிவிட்டு, ஐந்தாவது முறை, தயவுசெய்து படிக்கவும் என்று கொஞ்சம் சூடாக எழுதியது. மூன்றாவது இடத்திலிருந்து மட்டும் சைக்கிள் நிறுத்துமிடத்துக் காற்றைப் போலவே இதமாகப் பதில் வந்துகொண்டிருந்தது.

அதை அவர் வீட்டில் ஏதோ வானத்திலிருந்து விழுந்த செய்திபோல் சொல்வார்.

“உங்க பஸ் ஸ்டாண்டுல இப்பல்லாம் அக்கவுண்டிங் பாடத்தைப் பத்தியுமா விசாரிக்கறாங்க?” என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

“பலதரப்பட்ட ஜனங்க வர்ற இடமில்லையா” என்றார் அவர்.

அவருடைய சொந்தக் கேள்வியும் ஒன்று உண்டு. அதைத்தான் மூன்று விதமாகக் கேட்டார். புதிதாக வருகிறவர் பேருந்தில் வந்து இறங்கும்போது அங்கே யாராவது இருப்பார்களா? இருப்பார்கள், மஞ்சள் சட்டை போட்ட ஒரு மூத்த மாணவி இரண்டாவது வாசலில் நிற்பாள் என்று பதில் வந்தது. இரண்டு நாள் கழித்து, வண்டி தாமதமானால் அந்த மாணவி எவ்வளவு நேரம் நிற்பாள் என்று கேட்டார். வருகிறவர் வரும்வரை என்று பதில் வந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டு, மழை பெய்தால் என்று கேட்டார். ‘மழை பெய்தாலும் வருகிறவர் வரும்வரை நிற்பாள் சார். குடையோடு நிற்பாள்’ என்று பதில் வந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கவுண்டருக்கு வெளியே நின்றிருந்த பயணி, ஏதோ துக்கச் செய்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த கவுண்டருக்குப் போய்விட்டார்.

பதினாறு கேள்விகள் ஆன பிறகு மூன்றாவது பல்கலைக்கழகத்தின் பக்கம் ஒரு நிபந்தனை போட்டது. விண்ணப்பம் பாதியில் நிற்கிறது, இரண்டு நாளில் ‘நான் ஏன் வணிகம் படிக்க விரும்புகிறேன்’ என்ற கட்டுரையைச் சேர்க்காவிட்டால் உங்கள் கணக்கு மூடப்படும் என்றது. கணக்கை மூடினால் கேள்வி கேட்கிற வழியும் மூடிவிடும். அவரிடம் இன்னும் ஒரு கேள்வி பாக்கியிருந்தது.

வேறு வழியில்லாமல் எழுதினார். ‘நான் இதுவரை ஒரு பொருளும் விற்றதில்லை. ஆனால் ஓர் இடத்துக்கு வந்தவர் திரும்பவும் வருவாரா மாட்டாரா என்பது அவருக்கு அங்கே கிடைக்கும் முதல் பதிலில் இருக்கிறது என்று தினமும் பார்க்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் கூட்டிக்கொண்டு போய் விடுவதும் நல்ல வியாபாரம்தான். இதை உங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறீர்களா?’

பதினேழாவது கேள்வியைக் கட்டுரைக்குள்ளேயே வைத்துவிட்டதில் அவருக்கு ஒரு திருப்தி. பதிலும் வந்தது. ‘பாடத்திட்டத்தில் இந்த வார்த்தைகளில் இல்லை சார். நான் பேராசிரியரிடம் உங்கள் கட்டுரையைக் காட்டினேன். அவர் அதை முதல் வகுப்பில் படித்துக் காட்ட அனுமதி கேட்கிறார்’ என்று அலுவலர் எழுதியிருந்தார்.

அதோடு விண்ணப்பம் தொண்ணூற்று நான்கு சதவீதம் முழுமை என்று பக்கத்தில் பச்சைக் கோடு ஒன்று நீண்டது. வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு நேர்காணல் என்றும் குறித்துவிட்டது.

“அண்ணே, விட்டா உங்களுக்கே சீட் கெடச்சுடும் போலிருக்கு” என்றாள் குடையம்மா.

கேள்விகள் தீர்ந்துவிட்டன, இனி விலகிவிட வேண்டியதுதான் என்று அவர் முடிவு செய்தார். அது செவ்வாய்க்கிழமை. ‘விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு’ என்ற இடத்தில் விரலை வைத்தார். உங்கள் கைப்பேசி எண் என்ன என்று பக்கம் கேட்டது. உண்மையைச் சொன்னார்.

அங்கேதான் வந்தது வினை. அதே எண்ணைத்தான் மகள் தன் விண்ணப்பத்தில் பெற்றோர் எண்ணாகக் கொடுத்திருந்தாள். பக்கம் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இப்படி அறிவித்தது: ‘ஒரே எண்ணில் இரண்டு விண்ணப்பங்கள் உள்ளன. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, முழுமை குறைந்த விண்ணப்பம் தானாக நீக்கப்படும். நேர்காணல் முடியும்வரை கேள்விகள் ஏற்கப்படமாட்டா.’

கீழே இரண்டு பச்சைக் கோடுகள். அவருடையது தொண்ணூற்று நான்கு. இன்னும் இடத்தை உறுதி செய்யாத மகளுடையது தொண்ணூற்று இரண்டு.

விசாரணைக்காரர் இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் மூன்றாவது இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பாள் என்று என்ன நிச்சயம்? தேர்ந்தெடுக்காமலும் போகலாம். ஆனால் தேர்ந்தெடுத்தால்? ஆசையாக வந்து கதவைத் தட்டும்போது, உங்கள் அப்பா உள்ளே இருக்கிறார், இடமில்லை என்றா சொல்வார்கள்?

“பதறாதீங்க. உங்க விண்ணப்பத்துல எதையாச்சும் அழிச்சா கோடு தானா இறங்கிடும்” என்றாள் குடையம்மா.

அது சரியான யோசனையாகத்தான் பட்டது. கட்டுரையின் கடைசிப் பாதியை அழித்தார். ‘கட்டுரையைச் சுருக்கிச் செம்மைப்படுத்தியதற்கு நன்றி’ என்று சொல்லிவிட்டுப் பக்கம் கோட்டைத் தொண்ணூற்று ஆறுக்கு ஏற்றியது.

சரி, உண்மையையே சொல்லிவிடுவோம் என்று, ‘நான் இந்தப் படிப்புக்குத் தகுதியானவன் அல்ல, எனக்கு முட்டிவலி உண்டு’ என்று எழுதி அனுப்பினார். அதை உடல்நலச் சான்றாக எடுத்துக்கொண்டு தொண்ணூற்று எட்டு ஆக்கியது.

குடையம்மாவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. நகருங்கள் என்று கைப்பேசியை வாங்கி, அவருடைய மேலதிகாரி எழுதுவதுபோலவே பாவித்து, ‘இவரை இங்கிருந்து அனுப்ப முடியாது. இவர் இல்லாவிட்டால் இந்த நிலையத்தில் யாருக்கும் வழி தெரியாது’ என்று தட்டினாள். வேண்டாம் என்று அவர் கையைப் பிடிப்பதற்குள் அது போய்விட்டது.

‘பரிந்துரைக் கடிதம் பெறப்பட்டது’ என்றது பக்கம். நூறு சதவீதம். பச்சைக் கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பளபளவென்று நின்றது.

“இதுக்கு மேல ஏறாது” என்று ஆறுதல் சொன்னாள் குடையம்மா.

புதன்கிழமை மாலை மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று உறுதியோடு வீட்டுக்குப் போனார். செருப்பைக் கழற்றும்போது அந்த உறுதி பாதியாகிவிட்டது. தலையிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அவள் இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டேன் என்று எந்த வாயால் சொல்வது? தவிர, சொல்லிவிட்டால் பதற்றத்திலேயே மூன்றாவது இடத்தை அவசரமாக உறுதி செய்துவிடுவாள். அது அவள் முடிவாகாது, அவர் முடிவாகிவிடும்.

மகளோ கவலையில்லாமல் இருந்தாள். காகிதங்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டே, “உங்களுக்கு எதுப்பா பிடிச்சிருக்கு?” என்று கேட்டாள்.

“உனக்குப் பிடிச்சதுதாம்மா எனக்கும்.”

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவரை முள்ளாகக் குத்தியது. அன்று வழக்கத்தைவிட நீளமாகக் கடவுளை வேண்டினார். கேட்டதென்னவோ ஒன்றே ஒன்றுதான். ‘என் முட்டாள்தனத்துக்கு அவ வழி அடைபடக் கூடாது.’

வியாழக்கிழமை ஒரு மணிக்கு, விசாரணைக் கவுண்டரின் பின்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பேசியைத் தண்ணீர்க் குவளைமேல் சாய்த்து வைத்தார். முன்பக்கம் குடையம்மா அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து சமாளிப்பதாக ஏற்பாடு. திரையில் சேர்க்கை அலுவலர் தோன்றினார். நாற்பது வயதிருக்கும் பெண்மணி. சிரித்த முகம். எதிரே காகிதங்கள்.

“வணக்கம் சார். உங்களை நேர்ல பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை” என்றார்.

விசாரணைக்காரர் எழுந்து நின்று வணக்கம் சொல்லி, திரும்ப உட்கார்ந்து, “அம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்” என்று ஆரம்பிக்கும்போதே முன்பக்கத்திலிருந்து குடையம்மாவின் குரல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி எந்த நடைமேடை என்று ஒரு வயதான தம்பதி கேட்கிறார்களாம்.

“ஒரு நிமிஷம் மன்னிக்கணும்” என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஆறாவது நடைமேடை, ஒன்றே கால் மணி என்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். அந்தப் பெரியவர் மறுபடி கேட்டார், ஏழாவது இல்லையே? இல்லை, ஆறாவதுதான் என்றார் எழுந்து போய். மூன்றாவது முறை பெரியவரின் மனைவி கேட்டார், அது ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்குமா என்று. விசாரணைக்காரர் முதல் முறை கேட்பவரைப் போலவே நின்று கேட்டு, வாசலுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும், சாலையைத் தாண்ட வேண்டும், நடத்துநரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அவரே கைபிடித்துத் தாண்டவைப்பார் என்று சொல்லிவிட்டு, நடத்துநருக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது நேர்காணலில் ஏழு நிமிடம் போயிருந்தது. அலுவலர் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தப்பு சார்?” என்று விட்ட இடத்திலிருந்து கேட்டார்.

விசாரணைக்காரர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தான் மாணவரில்லை, மாணவியின் அப்பா என்றார். ஜன்னலில் ஆரம்பித்ததைச் சொன்னார். தொண்ணூற்று நான்கு நூறான கதையைச் சொன்னார். பரிந்துரைக் கடிதம் மேலதிகாரி எழுதியதல்ல, குடைகள் இருக்கும் அறையிலிருந்து வந்தது என்பதையும் மறைக்கவில்லை.

“அவ எதைத் தேர்ந்தெடுக்கப் போறான்னு எனக்குத் தெரியாதும்மா. இன்னும் மூணு காகிதத்தையும் வச்சுப் பார்த்துக்கிட்டுதான் இருக்கா. உங்க இடம் வேண்டாம்னு அவ சொன்னா அது அவ விருப்பம். ஆனா வேணும்னு வந்து நிக்கறப்ப, என்னால இல்லாமப் போயிடக் கூடாது. என்னை நீக்கிடுங்க. எங்க கையெழுத்துப் போடணும்னாலும் போடறேன்.”

குடையம்மா முன்பக்கம் வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வரிசையில் நின்ற நாலைந்து பயணிகளும் தங்கள் வண்டியை மறந்து, கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அலுவலர் காகிதங்களைப் புரட்டினார்.

“உங்களோடது இந்த நிமிஷமே நீக்கியாச்சு சார். எங்க பேராசிரியருக்குத்தான் கொஞ்சம் வருத்தமா இருக்கும்” என்றார். “உங்க மகளோடதை யாராலயும் நீக்க முடியாது. அவங்க நேத்து சாயங்காலமே எங்ககிட்ட இடத்தை உறுதி பண்ணிட்டாங்க.”

விசாரணைக்காரர் குவளையைப் பிடித்துக்கொண்டார். கைப்பேசி சரிந்து ஒரு கணம் கூரையின் மின்விசிறியைக் காட்டியது. நிமிர்த்தி வைத்தார்.

“நேத்தா? உங்ககிட்டயா? வீட்டுல ஒண்ணும் சொல்லலையே.”

“வெள்ளிக்கிழமை சொல்லலாம்னு இருப்பாங்க போல. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணை மூடி ஒரு நொடி கும்பிட்டார். மஞ்சள் சட்டையும் குடையுமாக ஒரு பெண் இரண்டாவது வாசலில் நிற்பது தெரிந்தது. பெயர் பெற்ற இடம் ஒன்று, பெருநகரத்தில் ஒன்று என்று இரண்டு இருக்க, தான் ஒரு வார்த்தையும் சொல்லாமல், தலையிடாமல், மகள் தானாகவே இந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாளே, இது கடவுள் கிருபையல்லாமல் வேறென்ன என்று நினைத்தார். ஆனாலும் இருபத்திரண்டு வருடத் தொழில் சும்மா விடவில்லை. அவருக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

“அம்மா, தப்பா நினைக்கலன்னா இன்னும் ஒரே ஒரு கேள்வி. அவ ஏன் உங்க இடத்தைத் தேர்ந்தெடுத்தா?”

“அதையும் ஒரு கட்டத்துல எழுதச் சொல்லியிருந்தோம் சார்” என்றார் அலுவலர், அந்தக் காகிதத்தை எடுத்துப் படித்தபடி. “‘தினமும் சாயங்காலம் அப்பா காதுல விழற மாதிரி ஒரு சந்தேகத்தைச் சொல்லி வச்சேன், மூணு இடத்துலயும் அவருக்குச் சலிக்காம பதில் சொன்னது நீங்க மட்டும்தான்’னு எழுதியிருக்காங்க.”